இருபிடிக் கத்தியும் ஒரு நாற்காலியும்

தன் உடம்பைத் தேய்த்த கருவியை ஒரு மனிதன் எதற்காகத் தீட்ட வேண்டும்?

சாய்வு என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவரின் வாழ்க்கை எனக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தது. அவர் கேட்டதில்லை. அவருக்குக் கேள்விகளில் அக்கறை கிடையாது. வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பொருள் ஒன்றுதான்: உட்கார ஒரு நாற்காலி. அது அவருக்குக் கிடைத்தது. பிறகு கையை விட்டுப் போனது. இப்போது அதில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். போன விதத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

தோல் தொழிலின் வரலாற்றுக்கென்று ஏற்பட்ட காட்சிக்கூடம் ஒன்றில் நான் டிக்கெட் கொடுக்கிறேன். கூட்டம் வராத இடம். ஒரு டிக்கெட்டுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் நடுவே தத்துவப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முடித்துவிடலாம். புரிந்ததா என்பது வேறு விஷயம். கட்டடம் முன்பு தோல் பதனிடும் தொழிற்சாலையாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, குழிகளை மூடி, ஜன்னல்களைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் தரைக்கடியிலிருந்து பழைய வாடை எழும்பும். வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சாய்வு மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்ன வாடை? ஒண்ணும் இல்லையே" என்பார்.

அந்தத் தொழிற்சாலையில் அவர் சவ்வு எடுப்பவராக இருந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறி வெளியே வரும் தோலின் உட்புறத்தில் சவ்வும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழிக்க ஒரு சாய்கட்டை உண்டு. முதுகு உருண்ட பெரிய மரத்துண்டு. ஒரு முனை தரையில் கிடக்கும், மறுமுனை ஆளின் வயிற்று உயரத்துக்கு நிற்கும். ஈரத்தோலை அதன்மேல் விரித்து, மேல்முனையை வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு நிமிர வேண்டும். மறுபடி குனிய வேண்டும். கத்தியின் உள்வளைவு மழுங்கலாக இருக்கும், முடியை வழிப்பதற்கு. வெளிவளைவு கூராக இருக்கும், சவ்வை எடுப்பதற்கு. கூர் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பியை இடுப்பில் செருகிவைத்து, அடிக்கடி எடுத்து முனையைத் தடவிக்கொள்வார்கள்.

இளமையில் குனிந்தவர் முடி நரைத்த பிறகுதான் நிமிர்ந்தார். முழுதாக நிமிர முடியவில்லை. இடது தோள் இறங்கியிருந்தது. காற்று எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே அடிப்பதுபோல் நடப்பார். சாய்கட்டைக்காரர் என்பதால் வந்த பட்டப்பெயரா, சாய்ந்து நடப்பதால் வந்ததா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் சேத்து ஒரே பேரா வச்சுட்டானுங்க, தம்பி. சிக்கனம்" என்றார்.

அவர் கைதேர்ந்தவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் "பரவாயில்ல" என்றார்கள். அவர் மனைவி அந்தப் "பரவாயில்ல"யைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் அதே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் செருப்பின் மேல்தோல் தைக்கும் கூடத்தில் இருந்தவர். இப்போது வீட்டில் மிஷின் போட்டு அறுந்த பைகளுக்கு வார் தைத்துக்கொடுக்கிறார்.

"இவரு வழிச்ச தோலு எங்க கூடத்துக்கு வந்தா உடனே தெரியும், தம்பி. வெளிச்சத்துல புடிச்சா நடுவுல வானம் தெரியும். அம்புட்டு ஓட்ட."

"அது மாட்டுக்கு முன்னாலயே இருந்த காயம்" என்றார் சாய்வு.

"ஆமா, எல்லா மாடும் இவரப் பாத்துட்டுத்தான் போயி முள்ளுல விழுந்துச்சு."

தொழிற்சாலை மூடி, அது காட்சிக்கூடமாக மாறியபோது, கருவிகள் இருக்கும் நீண்ட அறைக்கு ஒரு காவலாள் தேவைப்பட்டது. பழைய ஆட்களில் ஒருவரை எடுப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சாய்வு. இன்னொருவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அவர் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்; விரல்கள் வெளுத்து வெடித்திருக்கும்; அவரைச் சுண்ணாம்பு என்பார்கள். இருவருக்கும் உடம்பு ஒரே அளவுக்குத்தான் கெட்டிருந்தது. ஆனால் சுண்ணாம்புக்குக் காது மந்தம். கூடம் திறந்திருக்கும் நேரத்தில் யாராவது கருவியைத் தொட்டால் மணி அடிக்கும் ஏற்பாடு அப்போது இருந்தது. மணி கேட்காத காவலாளை வைத்து என்ன செய்வது என்று கூடத்தின் பொறுப்பாளரான மேடம் சாய்வை எடுத்துக்கொண்டார்.

சுண்ணாம்பு அதைத் துரோகம் என்றே எடுத்துக்கொண்டார். டிக்கெட் ஜன்னலில் வந்து நின்று, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் என்னிடம் முறையிட்டார். "என் தங்கச்சிய கட்டிக்கிட்டான், சரின்னு விட்டேன். இப்ப என் நாற்காலியயும் கட்டிக்கிட்டான். இனிமே அவன் மொகத்துல முழிச்சா கேளு." சொன்னபடியே பேச்சை நிறுத்திக்கொண்டார். தங்கை வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று தங்கையிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார்.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரம்பு பின்னியது, அகலமான கைகள் வைத்தது. தொழிற்சாலைக் காலத்தில் மேலாளர் உட்கார்ந்தது. ஓட்டை விழுந்த தோல்களுக்காக சாய்வு அதன் முன்னால் நின்று திட்டு வாங்கியிருக்கிறார். ஆரம்பத்தில் அவர் அதில் நுனியில்தான் உட்கார்ந்தார், யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்தார். ஒருநாள் பார்த்தபோது முதுகு முழுவதும் பிரம்பில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. தூங்கவில்லை. "உக்காந்திருக்கேன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மதியம் அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவருவார். வந்ததும் முதல் பேச்சு இதுதான்: "எந்திரிங்க. கொஞ்ச நேரம் நான் ராணியா இருக்கேன்."

சாய்வு எழுந்து சுவரில் சாய்ந்து நின்று சாப்பிடுவார். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, கைகளைப் பிரம்பில் தடவிக்கொண்டு, எதிரே சுவரில் தொங்கும் கருவிகளைப் பார்ப்பார். "இத்தன கத்திய மாட்டிவச்சு பாக்குறதுக்கு வேற காசு குடுத்து வர்றாங்க. நம்ம காலத்துல இதப் பாக்காம இருக்கத்தான் காசு குடுத்திருப்போம்."

அந்த அறையின் ஒரு கோடியில் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் வரலாறு தொடங்கும். முதலில் ஒரு கல். உள்ளங்கையில் அடங்கும், ஒரு பக்கம் பிறைபோல் செதுக்கப்பட்டது. மனிதன் உலோகத்தைக் காண்பதற்கு முன்பே தோலை வழித்த கல். அடுத்து எலும்பில் செய்த குத்தூசி. பிறகு உலோகம் வருகிறது. ஆனால் வடிவம் பெரிதாக மாறவில்லை. பெட்டிக்கு வெளியே சுவரில் ஆணியடித்து மாட்டியவை: அரைநிலா போன்ற பிறைக்கத்திகள், வார் கிழிக்கும் அளவுக்கத்தி, தையலுக்கு இடைவெளி குறிக்கும் பற்சக்கரம், விளிம்பை மழிக்கும் சிற்றுளிகள், செருப்பின் அச்சுக்கட்டைகள், கைகளின் வியர்வையால் கறுத்த மரச்சுத்திகள். மறுகோடியில், கதவை ஒட்டி, இந்தத் தொழிற்சாலையிலேயே கடைசிவரை புழங்கிய சாய்கட்டையும் இருபிடிக் கத்தியும். அந்தக் கத்தி சாய்வுடையது. தொழிற்சாலை மூடிய அன்று அவர் எதை எந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனாரோ, அது அந்த ஆணியிலேயே இருந்தது.

பாதிக் கருவிகளை அவருக்குத் தெரியாது. சேணக்காரனின் சாமானும் பை தைப்பவனின் சாமானும் சவ்வு எடுப்பவனுக்கு அந்நியம். கண் பார்வை மங்கியிருந்ததால் அட்டைகளில் எழுதியிருப்பதை என்னைப் படிக்கச் சொல்வார். மடிப்பைத் தேய்த்துப் பதிக்கும் எலும்புத் தகட்டை ரொம்ப நாள் கரண்டி என்றே நினைத்திருந்தார். பழைய கல்லறை ஒன்றின் சுவரோவியத்தைப் படமெடுத்து அங்கே மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவன் இதே பிறைக்கத்தியால் தோல் வெட்டுகிறான். சாய்வு அந்தப் படத்துக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். கத்தியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் காலத்துலயே இவனுக்கு முக்காலி குடுத்திருக்காங்க, தம்பி" என்றார்.

காலையில் கூடம் திறப்பதற்கு முன்பு, நான் டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சர்... சர்ரென்று ஒரு சத்தம் வரும். அவர் பெருக்குகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பெருக்கும் வேலை அவருடையதல்ல என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்காமல் போய்விடும்.

புத்தகம் ஒன்றுக்காகக் கருவிகளைப் படமெடுக்க ஒருவர் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மேடம் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு பிறைக்கத்திகளில் பழையதை ஆணியிலிருந்து எடுத்தார். வெளிச்சத்துக்காகத் திருப்பினார். கையுறை பிளந்தது. கட்டைவிரலிலிருந்து ரத்தம் முழங்கைவரை ஓடியது.

வலியைவிட அவருக்கு வேறேதோ அதிர்ச்சி. விரலைப் பிடித்துக்கொண்டே கத்தியின் முனையைப் பார்த்தார். அது கண்ணாடியைப்போல் மின்னிக்கொண்டிருந்தது.

"யாரு இதத் தீட்டினது?"

சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். "நாந்தாங்க." அதில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கலாம்.

"எதுக்கு?"

"மழுங்கிப் போயி கெடந்துச்சுங்க."

"மழுங்கித்தான் இருக்கணும்!" மேடம் கத்திவிட்டார். பிறகு குரலை இறக்கினார். "கடைசியா இதப் புடிச்சவன் எந்தப் பக்கமாச் சாய்ச்சுத் தீட்டினான், எவ்வளவு தேஞ்சதும் தூக்கிப் போட்டான், எல்லாம் அந்த மழுங்கல்ல இருந்துச்சு. அத நீங்க அழிச்சிட்டீங்க."

"மழுங்கினத யாருங்க படிப்பாங்க?"

"நான் படிப்பேன்" என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது. விரலுக்காக அல்ல என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு மேடத்தின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான். ஒரு முனை எப்படித் தேய்ந்தது என்பது அந்த மனிதன் விட்டுப்போன கையெழுத்து. அதன்மேல் வேறொருவர் எழுதிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் அன்றைக்கு சாய்வின் முகத்தில் இருந்தது என்ன என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்குகிறவனை எழுப்பி உதை கொடுத்தால் அவன் முகம் அப்படி இருக்கும்.

எவையெல்லாம் தீட்டப்பட்டவை என்று அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. விரலில் கட்டோடு மேடம் சிவப்பு நூல் துண்டுகளை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். சாய்வு கூடவே நடந்து காட்டினார். "இது ஆச்சுங்க. இதுவும் ஆச்சு. இந்தக் கரண்டி... இது கரண்டி இல்லன்னு பிற்பாடு தம்பி சொல்லிச்சு, அதனால விட்டுட்டேன்." பிறைக்கத்திகள், வார்க்கத்தி, சிற்றுளிகள், குத்தூசிகளின் முனைகள், எல்லாவற்றிலும் சிவப்பு நூல் ஏறியது. தூசி தட்டுவதற்காகக் கண்ணாடிப் பெட்டியின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. மேடம் பெட்டியின் முன்னால் நின்று, பயத்தோடு கேட்டார்: "கல்ல எதும் பண்ணலியே?"

"பண்ணிப் பாத்தேங்க. கல்லு கேக்கல."

படமெடுக்க வந்தவர் சிரித்துவிட்டு, மேடம் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

சுவரின் கடைசியில், கதவோரம், இருபிடிக் கத்திக்கு வந்தபோது மேடம் நூலை எடுத்துக் கட்டப்போனார். கட்டாமல் நின்றார். விளிம்பில் துரு படர்ந்திருந்தது. கூரான பக்கம் எது, மழுங்கல் எது என்று பார்த்தால் தெரியவில்லை.

"இத விட்டுட்டீங்களா?"

"அது கெடக்கட்டுங்க" என்றார் சாய்வு.

சிவப்பு நூல் இல்லாமல் தொங்கிய கத்தி அது ஒன்றுதான். மேடத்துக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சாய்வை அந்த அறையில் இனி தனியே விட முடியாது என்று நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னார். நாற்காலி ஆட்டம் கண்டது.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்த அவர் மனைவி உட்காரவில்லை. டிக்கெட் ஜன்னல் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பக்கத்துலதான இருந்தீங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வீட்டுல அருவாமனை மொண்ணையாக் கெடக்கு, கால்ல விழாத கொறையாக் கேட்டிருக்கேன், திரும்பிப் பாக்கல. இங்க வந்து எவன் வீட்டுக் கத்தியையோ சாண புடிச்சிருக்காரு!"

"நான் பெருக்குறாருன்னு நெனச்சேன், அண்ணி."

"பெருக்குறாரா? இவரா?" அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படுத்தா எந்திரிக்க மாட்டாரு, தம்பி. எந்திரிச்சா நிக்க மாட்டாரு. இந்த நாற்காலியில மட்டுந்தான் வலி இல்லாம இருக்குன்னு சொல்லுவாரு. அத யாரும் புடுங்கிடாம பாத்துக்கச் சொல்லுங்க மேடத்த."

நான் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. மேடம் நல்லவர், கோபம் தணிந்ததும் தானே ஒரு வழி தேடினார். வருகிறவர்கள் வெறும் கத்திகளைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு போகிறார்கள் என்று நிர்வாகம் முன்பே குறைபட்டுக்கொண்டிருந்தது. யாராவது வேலையைச் செய்துகாட்டினால் கூட்டம் வரும். சாய்வு செய்துகாட்டட்டும். பயன்படுத்தத் தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டால் தீட்டியதும் பெரிய குற்றமாகத் தெரியாது.

இதை அவர் நாற்காலியருகே வந்து சொன்னபோது நானும் இருந்தேன்.

"கூட்டமா வர்ற அன்னிக்கு மட்டும். ஒரு ஈரத்தோல விரிச்சு, கொஞ்சம் தள்ளிக் காட்டினாப் போதும். உடம்புக்குச் சிரமம் வேண்டாம். மத்த நேரமெல்லாம் நாற்காலி உங்களுக்குத்தான். நிர்வாகமும் சரின்னுடுச்சு."

சாய்வு தலையாட்டினார்.

"உங்க கத்தியே இருக்கு. அத மட்டும் தீட்டிக்கங்க. அதுக்கு நான் தடை சொல்லல." மேடம் சிரித்தார். "தீட்டத்தான் உங்களுக்குப் புடிக்குமே."

சாய்வு அதற்கும் தலையாட்டினார். சம்மதம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவர் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, ஊரு உலகத்துல கத்திய மழுங்கடிச்சவனத்தான் தொரத்துவாங்க. தீட்டினவர ஒக்கார வச்சுக் கும்புடப் போறாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். செய்தி மச்சானுக்கும் எட்டியது. அவர் ஜன்னலுக்கு வந்து, "போகும்னு பாத்தேன், போகல. ஆணி அடிச்சு ஒக்காந்துட்டான்" என்றார். அதில் பொறாமை பாதி, நிம்மதி பாதி. தங்கையின் வீட்டுக்காரன் தெருவில் நிற்பதை அவரும் விரும்பவில்லை.

அந்த நாட்களில் சாய்வு வழக்கம்போல வந்தார், உட்கார்ந்தார். காலையில் சர்ரென்ற சத்தம் நின்றுபோயிற்று. தன் கத்தியைத் தீட்ட அனுமதி இருக்கிறதே, ஏன் சத்தம் வரவில்லை என்று ஒரு தடவை நினைத்தேன். கடைசி நேரத்தில் செய்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். சவ்வு எடுப்பவர்கள் அப்படித்தான், தோலைக் கட்டையில் போட்டபிறகுதான் முனையைத் தொடுவார்கள் என்று அவரே சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் கேட்டேன். எதற்காக எல்லாவற்றையும் தீட்டினீர்கள் என்று. நாற்காலியில் சாய்ந்தபடியே யோசித்தார்.

"சும்மா ஒக்காந்திருக்கேன்ல" என்றார்.

புத்தகங்களில் இதைவிட மோசமான பதில்களைப் படித்திருக்கிறேன். ஆனால் இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா இருக்கிற கைக்கு வேலை வேண்டியிருந்தது என்றால், தன் கையில் பழகிய கத்தியைத்தானே அது முதலில் தேடிப் போகும்?

செய்துகாட்டும் நாள் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு ஈரத்தோலை டிரம்மில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அறை நிறைந்த கூட்டம். என் வேலைக்காலத்தில் அத்தனை டிக்கெட் கிழித்ததில்லை. அவர் மனைவி நல்ல புடவையில் வந்து, நாற்காலியின் பக்கத்தில், அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பு கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டே பார்த்தார்.

மேடம் நாலு வார்த்தை பேசினார். கல்லிலிருந்து இரும்புவரை தோலை வழிக்கும் வடிவம் எப்படி மாறாமல் வந்தது என்று நன்றாகவே சொன்னார். பிறகு சாய்வைக் கையால் காட்டினார்.

அவர் போய் தோலைத் தூக்கினார். தூக்கிய விதத்தில் கிழவர் காணாமல் போனார். ஈரத்தோல் எவ்வளவு கனக்கும் என்று அதைத் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒரே வீச்சில் சாய்கட்டையின்மேல் விழுந்து படிந்தது. மேல்முனையை வயிற்றால் அழுத்தினார். கட்டையின் விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. வயிறு அதில் போய்ச் சரியாகப் பொருந்தியது. இறங்கிய தோள் அங்கே கோணலாகத் தெரியவில்லை. அந்தக் கட்டைக்கு அந்தத் தோள் நேராகவே இருந்தது.

கை நீட்டி ஆணியிலிருந்து இருபிடிக் கத்தியை எடுத்தார். கட்டைவிரலை முனையின்மேல் குறுக்காக வைத்துப் பார்த்தார். துரு விரலில் ஒட்டியது. இடுப்பிலிருந்து எஃகுக் கம்பியை எடுத்தார்.

கூட்டம் முன்னால் நெருங்கியது. யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் மனைவி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஓட்ட போட்டுடாதய்யா, இன்னிக்கு ஒரு நாளு" என்று முணுமுணுத்தார்.

சாய்வு ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் கம்பியுமாக நின்றார். களைத்தவர் நிற்கும் விதம் அல்ல அது. களைப்பு முகத்தில் மட்டும் இருந்தது, எப்போதும்போல. நாற்காலியைப் பார்த்தார். அதன் கையைப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் "ம், ஆகட்டும்" என்பதுபோல் தாடையை அசைத்தார்.

அவர் கம்பியைச் சாய்கட்டையின்மேல், ஈரத்தோலின் நடுவில் வைத்தார். அது கொஞ்சம் உருண்டு மடிப்பில் தங்கியது. கத்தியைத் துருவோடு, இருந்தது இருந்தபடி, திரும்ப ஆணியில் மாட்டினார். ஆடாமல் இருக்க ஒரு விரலால் நிறுத்தினார்.

"என்னங்க?" என்றார் மேடம் மெதுவாக. "உடம்புக்கு முடியலியா? உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு..."

"முடியுதுங்க" என்றார் சாய்வு. "இத நான் தீட்ட மாட்டேன்."

"அப்ப வேற கத்தி தரட்டுமா?"

 சாய்வு இடுப்பு வளையத்திலிருந்து பெட்டிச் சாவியை உருவி நாற்காலியின் பிரம்பின்மேல் வைத்தார். கூட்டம் வழிவிட்டது. கதவருகே மச்சான் இந்தப் பக்கம் திரும்பி நேராக நின்றார். அவருக்கு நடந்தது எதுவும் காதில் விழுந்திருக்காது. "என்ன மாப்ள, ஆயிப்போச்சா?" என்றார், அவ்வளவு காலத்துக்குப் பிறகு, அறை முழுக்கக் கேட்கும்படி.

"ஆச்சு மச்சான். போயி உக்காருங்க" என்று அவர் காதோரம் சொல்லிவிட்டு, சாய்வு வெளியே போனார்.

இப்போது சுண்ணாம்புதான் அதில் உட்கார்ந்திருக்கிறார். மணிக்குப் பதிலாக விளக்கு வைத்துக்கொடுத்திருக்கிறார்கள். ஏன் விட்டுப் போனீர்கள் என்று மேடம் சாய்வின் வீட்டுக்கே போய்க் கேட்டாராம்; சாய்வு அவருக்கு டீ வாங்கிவரப் போய்விட்டார். மச்சான் கேட்டபோது மழையைப் பற்றிப் பேசினார். மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்து, இப்போது கேட்பதில்லை. நான் ஒரே ஒரு தடவை, தெருவில் பார்த்தபோது கேட்டேன். தள்ளுவண்டியில் சாணைக்கல் ஒன்றைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகக் கத்தியும் கத்தரிக்கோலும் தீட்டிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டுதான். உட்கார அந்த வண்டியில் இடமில்லை.

கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "தள்ளி நில்லுங்க தம்பி, பொறி தெறிக்கும்" என்றார்.